அளவறிந்து கணக்கிடுவோம்

ஐந்தும் மூன்றும் எத்தனை? எட்டு என்று ஒன்றாம் வகுப்புத் தங்கையும் சொல்லிவிடுவாள். ஆனால், ‘சி’ என்னும் கணிப்பொறி மொழியில் ‘5’ என்ற எழுத்தையும் ‘3’ என்ற எழுத்தையும் கூட்டிப் பாருங்கள். விடை 104 என்று வரும்! கணிப்பொறிக்குக் கணக்குத் தெரியாதா என்று வியப்பீர்கள். அதற்கு நன்றாகவே தெரியும், தோழியரே. நாம் கொடுத்தது எண் அன்று, எழுத்து.

கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்துகளும் எண்களாகவே வைக்கப்படுகின்றன. ஆஸ்கி அட்டவணைப்படி ‘5’ என்ற எழுத்துக்கு 53, ‘3’ என்ற எழுத்துக்கு 51. இரண்டும் சேர்ந்து 104. ‘0’ என்ற எழுத்துக்கு உரிய 48ஐ ஒவ்வொன்றிலிருந்தும் கழித்த பிறகு கூட்டினால்தான் நாம் நாடிய எட்டு கிடைக்கும்.

அடுத்தது கொள்ளளவு. ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டினால் மீதி தரையில் சிந்துவதைக் கண்ணால் காண்கிறோம். கணிப்பொறியிலோ சிந்துவது தெரிவதில்லை. எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில், குறியில்லா எண்ணாக 0 முதல் 255 வரைதான் அடங்கும். 200உடன் 100ஐக் கூட்டி அதில் வைத்தால், 256 போக எஞ்சிய 44 மட்டுமே நிற்கும். முழு எண் வகுத்தலும் இப்படித்தான். 89, 90 என்ற இரு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 179. அதை முழு எண்ணாகவே இரண்டால் வகுத்தால் சராசரி 89 என்று வரும். அரை மதிப்பெண் போயே போய்விட்டது! அரை மதிப்பெண்ணின் அருமை நமக்குத் தெரியாததா?

இது வகுப்பறையோடு முடிகிற செய்தியன்று. 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. ஒரு நிமிடத்துக்குள் அது வெடித்துச் சிதறியது. நான்கு செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன. காரணம் என்ன? 64 பிட் அளவிலிருந்த ஒரு மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றபோது, அது அவ்வகையின் உச்சமான 32,767ஐத் தாண்டியது. வழிகாட்டும் கருவியின் கணினிகள் செயலிழந்தன. ஏரியேன் 4 ராக்கெட்டுக்குப் பொருந்திய அந்நிரலைப் புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு ஏற்ப மறுபடி அளந்து பார்க்கவில்லை.

“இன்றைய பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு இத்தகைய எல்லை இல்லையே; பின் ஏன் இந்தக் கவலை?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆயினும், பைத்தானிலும் ‘5’, ‘3’ என்ற எழுத்துகளைக் கூட்டினால் வருவது ‘53’ என்ற சொல்லே தவிர எட்டு அன்று. மேலும், நம்மைச் சுற்றியுள்ள எத்தனையோ சிறு கருவிகள் சி மொழியில் எழுதிய நிரல்களாலேயே இயங்குகின்றன. நாளை அவற்றை உருவாக்கப் போகிறவர்கள் நம்மில் இல்லையா?

ஆகவே, நிரல்களை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கும் வழக்கத்தை விடுவோம். விசைப்பலகையைத் தொடுமுன் தாளை எடுப்போம். ஒவ்வொரு மதிப்பும் எழுத்தா, எண்ணா, அதன் சிறுமம் எவ்வளவு, பெருமம் எவ்வளவு என்று எழுதிப் பார்ப்போம். ஆசிரியைகளும் இதற்கெனச் சில மதிப்பெண்களை ஒதுக்கினால் நாங்கள் மகிழ்வோம். ஐந்து நிமிட வேலைதான், பயனோ பெரிது!