குளத்துப் பாசிக்குள்ளும் ஒரு கோர்வை
காஞ்சிபுரம் சர்வதீர்த்தக் குளத்துத் தண்ணி பச்சையானா, 'அழுக்கு'ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். அதில் கிளாமிடோமோனாஸ் மாதிரி பச்சைப்பாசி இருந்தால், அது ஒரு சின்னத் தறிக்கூடம். (நீலப்பச்சைப் பாசின்னா கதை வேற; அதுக்குப் பசுங்கணிகமே கிடையாது.)

கோர்வைப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, நெய்யும்போதே பிணையும். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியும் அப்படித்தான். பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்தின் சொந்த டிஎன்ஏவில், சின்னத் துண்டுக்கானது உட்கருவில். இரண்டும் பசுங்கணிகத்துக்குள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஆனா ரூபிஸ்கோ ரொம்ப மெதுவான ஆள். தப்பா ஆக்சிஜனையும் பிடிச்சிடும். அதனால் பாசி அதை பைரினாய்டு என்ற உருண்டைக்குள் நெருக்கி அடைத்து, அங்கே கார்பன் டை ஆக்சைடைக் குவிக்கிறது. உலகில் உயிர்கள் பிடிக்கும் கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த உருண்டைகளில்தான் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

நெல்லுக்கு இந்த வசதி இல்லை. 2020-ல் எடின்பரோ பல்கலைக்கழகக் குழு, அராபிடாப்சிஸ் செடியில் பைரினாய்டு போன்ற ரூபிஸ்கோ திரளை உருவாக்கியது. விளைச்சல் கூடும் கட்டம் இன்னும் வரவில்லை.

நம்ம வகுப்பிலோ பைரினாய்டு, படத்தில் அம்புக்குறி போடும் ஒரு புள்ளி. பாசியியலில் பேர் பெற்ற எம்.ஓ.பி. அய்யங்கார் வேலை பார்த்த சென்னைப் பல்கலைக்கழகம் இங்கிருந்து ரெண்டு மணி நேரப் பயணம். ஒரு மைக்ரோஸ்கோப்போடு பிள்ளைகளைக் குளக்கரைக்குக் கூட்டிப்போக ஒரு பீரியட் ஒதுக்கினாலே போதும்.