பழைய சாம்ப்ளரும் உப்புக் காற்றும்

நமது சங்கத்துப் பொங்கல் விழாவில் கீபோர்டு வாசிக்கும் என் பேரனுக்கு ஓர் ஆசை. வீட்டு மாடி அறையில் சிறியதொரு இசைக்கூடம் அமைத்திருக்கிறான். அதற்குப் பழைய சாம்ப்ளர் ஒன்று வேண்டுமாம். "கம்ப்யூட்டரிலேயே எல்லாம் கிடைக்கும்போது முப்பது வருஷத்துப் பெட்டி எதற்கு?" என்று என் மகன் மறுத்துவிட்டான். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, ரயில்வேயில் சிக்னல்களோடு காலம் தள்ளிய என் தலையில் விழுந்தது. இதே வழக்கு வேறு சில வீடுகளிலும் நடப்பதாகக் கேள்விப்படுவதால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

சாம்ப்ளர் என்றால் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சிந்தசைசர் ஒலியைத் தானே உண்டாக்கும். சாம்ப்ளர் அப்படியல்ல, வெளியே கேட்கும் ஒலியை எண்களாகப் பதிந்துகொண்டு, கட்டையை அழுத்தினால் அதையே வெவ்வேறு சுருதியில் திருப்பிக் கொடுக்கும். 1979-ல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் வந்தபோது அதை வாங்க நடுத்தரக் குடும்பம் கனவுகூடக் காண முடியாது. 1984-ல் என்சோனிக் மிராஜ் வந்தது. 1986-ல் அகாய் எஸ்900, 1988-ல் அகாய் எஸ்1000. இவை வந்த பிறகுதான் பெரிய ஸ்டுடியோவின் வேலை ஒற்றை அறைக்குள் வந்தது.

அந்த மாறுதல் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆர்.கே. சேகர் சென்னையில் இருந்துகொண்டு மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் அவர் மறைந்தபின், அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அந்த வீட்டுப் பிள்ளை ஏ.ஆர். ரகுமான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து ஒரு ஒலிப்பதிவுக்கூடம் கட்டினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. அதே ஆண்டில் மலையாளத்தில் 'யோத்தா'வும் வந்தது. வீட்டில் கருவி இருப்பது வீண்செலவு என்று சொல்லுபவர்கள் இதை யோசிக்கட்டும். ஆனால் கருவியை வாங்கிவிட்டால் ரகுமான் ஆகிவிடலாம் என்று எண்ணுகிறவர்களும் யோசிக்க வேண்டும். அந்தப் பிள்ளை கூடம் கட்டுவதற்கு முன் பல வருடம் மற்றவர்களுடைய குழுக்களில் வாசித்துக் கைப்பழக்கம் பெற்றவர்.

என் பேரன் கேட்டதற்குக் காரணம் வேறு. என் மனைவியின் அண்ணன் நாகர்கோவில் பக்கத்தில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. குடத்தின் வாயில் பத்தி விழும்போது எழும் அந்த 'தொம்' என்ற ஒலியைத் தன் பாட்டில் சேர்க்க வேண்டும் என்பது பையனின் விருப்பம். கம்ப்யூட்டரில் விற்கும் ஒலித்தொகுப்புகளில் மிருதங்கம் உண்டு, தபலா உண்டு. வில்லுப்பாட்டுக் குடம் அவன் தேடியவரை இல்லை. இங்கே தென்திருவிதாங்கூரில் வில்லடிச்சான் பாட்டு என்று மலையாளத்தாரும் போற்றும் கலை அது. கேட்டதும் என் எதிர்ப்பு பாதி கரைந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொன்னேன். குடம், உடுக்கை, ஜால்ரா போன்ற தட்டும் ஒலிகளுக்குப் பழைய சாம்ப்ளர் நன்றாகப் பொருந்தும். நாகசுரத்துக்குப் பொருந்தாது. பதிந்த ஒரு ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால், பழைய கருவியில் அதன் நீளம் பாதியாகிவிடும்; அதற்குள் இருந்த அசைவும் இரட்டை வேகத்தில் ஓடும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதில்தான் கமகத்தின் உயிர் இருக்கிறது. தனித்தனிக் கட்டைகளில் அது அகப்படாது.

இனி எதை வாங்குவது? இளைஞர்கள் முதலில் சொல்லும் பெயர் 1987-ல் வந்த ஈமு எஸ்பி-1200. 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ், மொத்தம் 10 விநாடி நினைவகம். அமெரிக்க ராப் இசைக்காரர்கள் கொண்டாடும் கருவி. அதனாலேயே பழசுக்கும் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். அதன் கரகரப்பு தாளத்துக்கு அழகுதான். அந்தக் கரகரப்புக்காக ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். எஸ்900-ம் 12 பிட்தான். உச்சத் தரத்தில் ஏறக்குறைய 12 விநாடி பிடிக்கும். எஸ்1000-லோ 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சி.டி.யின் தரம், அடிப்படை 2 மெகாபைட்டில் ஒற்றை வழியில் 23 விநாடி கிடைக்கும். குடத்துக்கு இது தாராளம்.

விநாடிக் கணக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பெட்டியின் இயக்கநிரல் எங்கே இருக்கிறது? எஸ்1000 போன்றவற்றில் உள்ளேயே சிப்பில் இருக்கிறது. மிராஜ், ஏஎஸ்ஆர்-10 போன்றவற்றில் பிளாப்பியிலிருந்து ஏற்றினால்தான் கருவி கண்விழிக்கும். சில வருடங்களுக்கு முன், வெளியூர்க்காரர் ஒருவரிடம் நான் ஒரு கீபோர்டு சாம்ப்ளர் வாங்கினேன். "டிஸ்க் பின்னால் அனுப்புகிறேன் சார்" என்றார். வரவே இல்லை. அதன்மேல் என் மனைவி இப்போது வெங்காயக் கூடையை வைத்திருக்கிறாள்.

பிளாப்பியும் பெரும் சிக்கல். சோனி 2011-ல் அதை விற்பதையே நிறுத்திவிட்டது. 1.44 மெகாபைட் தட்டில் சி.டி. தரத்தில் ஸ்டீரியோ 8 விநாடிதான் அடங்கும். பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பென் டிரைவ் செருகும் மாற்றுக்கருவி பொருத்தலாம். அது பொருந்துகிற மாடலா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். 2.8 அங்குல குவிக் டிஸ்க் கொண்ட அகாய் எஸ்612, ரோலண்ட் எஸ்-10 பக்கம் போகவே வேண்டாம். அதன் ரப்பர் பெல்ட் உருகிப் பசையாகியிருக்கும். ஜப்பானுக்கென்று செய்த பெட்டி 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் ஆயுசு முடிந்தது. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் எதையும் செருகக்கூடாது.

விழிஞ்ஞத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு எதிரி கடல். 2025 மே மாதம் திறந்துவைத்த புதிய துறைமுகத்தில் உலகத்துப் பெட்டிகளெல்லாம் வந்திறங்குகின்றன. பழைய சாம்ப்ளருக்கு ஒரு பொத்தான் வேண்டுமென்றால் மட்டும் வருவதில்லை. உப்புக் காற்று நினைவகப் பலகையின் தொடுமுனைகளை அரிக்கிறது. ஆனியில் மழை பிடித்தால் பிளாப்பியில் பூஞ்சணம் பூக்கிறது. ரிலே அறைகளில் நான் கற்ற வைத்தியம் இங்கும் செல்லும்: கருவியை மூடியே வைக்காமல் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அதன் சூடே ஈரத்தை விரட்டும். மின்பகுதியின் பழைய மின்தேக்கிகளை வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். ஆனால் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியில் கை வைக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

சிக்னல் பழுதானால் சிவப்பில் நிற்கும்படிதான் ரயில்வேயில் அமைப்போம். இந்தச் சாம்ப்ளர்கள் அதற்கு நேர்மாறு. மின்சாரம் போனால், சேமிக்காத ஒலியை எல்லாம் மறந்துவிடும். நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைந்தது. எஸ்1000 வகையில், நம் கண்முன்னே ஓடிக் காட்டும் பெட்டி கிடைத்தால் வாங்கலாம். பாதிப் பணம் என்னுடையது. மூலப் பதிவு கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்; பெட்டிக்குள் நகல் மட்டும். பெட்டி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், குடத்தைப் பதிவதற்கு அது வரும்வரை காத்திருக்கக்கூடாது. மகன் முணுமுணுத்தான். பேரனோ, "அப்போ எப்ப போறோம் தாத்தா?" என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நாகர்கோவில் போகிறோம். நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கியாயிற்று. பத்தி பழசாகிவிட்டது, புதிதாகக் கட்டி வைக்கிறேன் என்று மைத்துனர் போனில் சொன்னார்.