நிறைந்த எண்ணும் திரிந்த பொருளும்

மருதனார்மடச் சந்தையிலே அரிசியைக் கொத்தால் அளந்த காலத்தை யான் சிறுவனாய்க் கண்டவன். கொத்து நிறைந்த பின்னும் சொரிந்தால் மணிகள் சாக்கின்மேற் சிதறும். அளப்பவனும் காண்பான், வாங்குபவனும் காண்பான். கணினியினுள்ளே எண்கள் வழியும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. அங்கே சிதறலும் இல்லை, ஓசையும் இல்லை. நிறைந்த கொத்து, ஒரு மணி கூடியவுடன் வெறுங்கொத்தாகும். சிலவேளை கடன்பட்ட கொத்தாகவும் ஆகிவிடும்.

இதனை எனக்கு விளக்கியவர் என்னிடம் முன்னாளிற் பயின்ற மாணவர் ஒருவர். இப்போது கொழும்பிலே கணினியின் அடிநிலை நிரல்களோடு பழகுந் தொழிலினர். தைப்பொங்கலுக்கு ஊர் வந்திருந்தபோது, “ஐயா, நான் புதிதாக எழுதுவது குறைவு. பிறர் எழுதியதிலே பிழை திருத்துவதுதான் பெரும்பாலும் என் வேலை” என்றார். “அப்படியானால், தம்பி, உமக்கும் எனக்கும் ஒரே தொழில்தான்” என்றேன். பேச்சு அங்கிருந்து நீண்டது.

கணினி எண்களை ஒன்றும் பூச்சியமுமாக, அளவு வரையறுத்த பெட்டிகளில் எழுதுகிறது. பதினாறு இடங்கொண்ட பெட்டியிலே, நேர் எதிர் என்னுங் குறியோடு எழுதத்தக்க மிகப்பெரிய எண் 32767. அதனோடு ஒன்றைக் கூட்டினால் 32768 வரவேண்டும். அதற்கு இடமில்லை. குறிக்கென ஒதுக்கிய முதலிடத்திலே ஒன்று சென்று அமர, விடை எதிர் 32768 என நிற்கும். இயந்திரம் நாணுவதுமில்லை, நமக்கு அறிவிப்பதுமில்லை.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. 1993 செப்டெம்பர் 20 ஆம் நாள், பழவேற்காட்டு ஏரியை அடுத்த சிறீகரிக்கோட்டாவிலிருந்து பி. எஸ். எல். வி. என்னும் இந்திய ஏவுகலம் முதன்முறையாக எழுந்தது. அந்நாளில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஏவுகலம் தவறியது என்ற செய்தி அவ்வாறே எமக்கு எட்டியது, காரணம் எட்டவில்லை. அதனைப் பல்லாண்டு கழித்தே படித்தறிந்தேன்.

இரண்டாம் அடுக்கு எரிந்து முடிந்து பிரியும்போது, அதனைப் பின்னே இழுக்கவேண்டிய சிறு எதிருந்து பொறிகள் இரண்டு தொழிற்படவில்லை. கலம் பெரிதும் அலைவுற்றது. அலைவைச் சீராக்கும் பொறுப்பு உள்ளிருந்த கணினிக்குரியது. அலைவு பெரிதாகவே, கட்டளையாய்ப் பிறந்த எண்ணும் பெரிதாகி, விதித்த உச்ச எல்லையைக் கடந்தது. அவ்வெல்லையைக் கடந்தாலன்றி வெளிப்படாத பிழையொன்று, கலத்தின் மேல்கீழ்ச் சாய்வை ஆளும் நிரற்பகுதியிலே உறங்கிக் கிடந்தது. எஞ்சிய அடுக்குகள் இருந்தும் செய்மதி சுற்றுப்பாதையை எய்தவில்லை. என்னை வருத்துவது இதுவே: எல்லாம் நன்றாய் நடக்கும் நாளில் இப்பிழை ஒருபோதும் விழிப்பதில்லை, கலத்துக்குக் காவல் வேண்டிய அந்தக் கணத்திலேதான் விழிக்கிறது.

திருத்தினார்கள். 1994 ஒக்டோபர் 15 இல் எழுந்த இரண்டாங் கலம் தன் செய்மதியை உரிய பாதையிலே சேர்த்தது. 2008 இல் சந்திரயானைச் சுமந்ததும், 2013 இல் மங்கள்யானைச் சுமந்ததும் அதே இனத்துக் கலமே.

ஐரோப்பியரும் இதற்கு விலக்கல்லர். 1996 சூன் 4 இல் ஏரியான் 5 ஏறத்தாழ நாற்பதாவது விநாடியிலே சிதறியது. பெரிய பெட்டியிலிருந்த எண்ணொன்றைப் பதினாறு இடப் பெட்டிக்கு மாற்ற முயன்றமையே தொடக்கம். அந்நிரல், விரைவு குறைந்த ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. அங்கே அது பிழைபடவில்லை. துணைக்கென வைத்த இரண்டாங் கருவியிலும் அதே நிரல் இருந்தமையால் அதுவும் அவ்வாறே வீழ்ந்தது. ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய இரு படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மகிழும் பதிப்பாசிரியரை யான் கண்டதுண்டு.

“பெட்டியைப் பெரிதாக்கினாற் போதாதோ?” என்று கேட்டேன். “அது ஒரு வழி, ஐயா. ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அல்லவா முதலிற் கேட்கவேண்டும்!” என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எண்ணுக்கும் சொல்லைப்போற் பொருளுண்டு. எண் ஓர் ஏவுகலத்தின் புகைவாயைத் திருப்புங் கட்டளையாயின், எல்லையிலே நிறுத்திவிடுதல் தகும். வாய் அதற்குமேல் திரும்பாதன்றோ? எண் ஒருவருடைய பணமாயின், எல்லையில் நிறுத்துதல் திருட்டுக்கு ஒப்பு. அங்கே கணக்கை மறுத்து நின்றுவிடல் வேண்டும். பறக்குங் கலத்திலே மறுத்து நிற்றலோ கேடு. ஏரியானில் நேர்ந்தது அதுதான். வெண்பாவிலே கனிச்சீர் புகுந்துவிட்டால் மாணாக்கன் ஓரசையை வெட்டிவிட்டுச் சீர் சரி என்பான். சீர் சரிதான், சொல் செத்துவிடும்.

அவர் காட்டிய திருத்தங்களுள் ஒன்று அகராதி பார்ப்போர்க்கு எளிதில் விளங்கும். நாம் சொல் தேடும்போது நடுவிலே திறந்து, முன்னோ பின்னோ என்று கண்டு, அப்பாதியை மீண்டும் நடுவிற் பிரிக்கிறோம். கணினியும் அப்படியே. தொடக்க இலக்கத்தையும் முடிவிலக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவிடம் வரும். பள்ளிக் கணக்கில் இதிற் குற்றமில்லை. ஆனால் முப்பத்திரண்டு இடப் பெட்டியின் எல்லை 2147483647. பட்டியல் மிக நீண்டு, கூட்டுத்தொகை அதனைக் கடந்தால் நடுவிடம் எதிரெண்ணாகிவிடும். ஜாவா மொழியின் நூலகத்திலே இப்பிழை ஒன்பதாண்டளவு கிடந்தது. அந்நிரலை எழுதிய யோசுவா புளொக் என்பாரே 2006 இல் அதனை எடுத்தெழுதினார். (தன் பிழையைத் தானே அச்சிட்டு அறிவிக்கும் வழக்கம் நம் பண்டிதருலகில் அரிது.) திருத்தம் ஒரு வரிதான்: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, எஞ்சியதைப் பாதியாக்கி, தொடக்கத்தோடு சேர்க்க. விடை அதுவே, வழியிலே பெட்டி நிரம்புவதில்லை.

மற்றொன்று இலக்கண மாணவர் கேட்கவேண்டியது. கூட்டிய பின்னர் ‘விடை சிறுத்துவிட்டதோ’ என்று பார்ப்பது புதியவர் இடுங் காவல். சி என்னும் மொழியின் இலக்கணமோ, குறியுடைய எண் வழிந்தால் விளைவு இன்னதென்று விதிக்காமல் விட்டுவிட்டது. நிரலை இயந்திர மொழிக்குப் பெயர்க்குந் தொகுப்பி, ‘நிகழக்கூடாததற்குக் காவல் எதற்கு?’ என்று அச்சோதனை வரியையே நீக்கிவிடுவதுண்டு! நூலாசிரியன் விதியாது விட்ட இடத்தை உரையாசிரியர் தத்தம் மனம்போல நிரப்புவதை நாம் அறியாதவர்களா? ஆதலாற் கூட்டுமுன்னரே, பெட்டியில் இன்னும் எவ்வளவு கொள்ளும் என்று கழித்துப் பார்த்தல் வேண்டும். 2024 இல் வெளியான அம்மொழியின் நியமம், வழிந்ததா இல்லையா என்று அறிவிக்குங் கூட்டல், கழித்தல், பெருக்கல்களைத் தானே தந்துள்ளது. ஐம்பதாண்டு கடந்த மொழிக்கு இது காலந்தாழ்ந்த சூத்திரம்.

இவற்றினும் பெரிய வழிதல் ஒன்று நாள் குறித்துக் காத்திருக்கிறது. பல கணினிகள் காலத்தை 1970 சனவரி முதலாந் திகதியிலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. முப்பத்திரண்டு இடப் பெட்டியில் அவ்வெண்ணிக்கை 2038 சனவரி 19 இல் நிறையும். அடுத்த விநாடி, அப்பெட்டிக்கு 1901 திசம்பர். மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றிய ஆண்டு. பண்டிதர்க்கு இனியதே, வைப்புக் கணக்குக்கு அன்று. இங்கே பெட்டியை அகலமாக்குவதே தக்க வழி. லினக்ஸ் 2020 இல் வெளியிட்ட 5.6 ஆம் பதிப்பில் பழைய வகைக் கணினிகளுக்கும் அதற்கு வழி செய்தது. அறுபத்துநான்கு இடப் பெட்டி நிறைய 29,000 கோடி ஆண்டுக்கு மேற் செல்லும். ஆனால் நான்கு எண்மிகளே ஒதுக்கி எழுதிவைத்த பழைய கோப்புகளும், சுவருக்குள்ளும் பொறிகளுக்குள்ளும் புதைந்து யாரும் திறவாத சிறு கணினிகளும் தாமாக அகலமாகா. ஒவ்வொன்றையும் ஒருவர் தேடிச் சென்று திருத்தவேண்டும்.

அந்நாள் செவ்வாய்க்கிழமை. நம் நாட்டு நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பாடசாலைகளிலே பாடம் நடந்துகொண்டிருக்கும். எங்கள் பாடசாலையில் மணியை இன்னமும் கையாலேதான் அடிக்கிறோம். அதற்கு ஒன்றும் நேராது. மற்றவை எப்படி என்று அவரைக் கேட்டேன்.

“எவை எவை என்று இப்போதுதான் பட்டியல் எடுக்கிறோம், ஐயா” என்றார்.