முட்டி வலிக்காரருக்காகப் பிறந்த ஆட்டம்

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும். ஒன்று பென்ஷன், இல்லாவிட்டால் முட்டி. "முட்டி போச்சு சார், இனிமே விளையாட்டாவது ஒண்ணாவது, நாற்காலிதான்" என்று எங்கள் தேங்காய்த்திட்டில் அடிக்கடி காதில் விழும். எனக்கும் வலது முட்டி பத்து வருடமாகத் தகராறுதான். ஆனாலும் இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. முட்டிக்கு ஏற்றபடி விளையாட்டை மாற்றிக்கொண்டால் போயிற்று.

குளிர் நாடுகளில் அறுபது வயதிலும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் உண்டு. நம் லடாக்கிலும் குளம் உறைந்தால் ஆட்டம்தான். பனிக்கட்டி மேல் வழுக்கிப் போவதில் முட்டிக்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் சட்டென்று நிற்பது, திரும்புவது, மோதி விழுவது எல்லாம் பழைய காயமுள்ள முட்டிக்கு ஆகாது. நமக்குத் தெரிந்த ஐஸ் மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டியில் கொட்டுகிற ஐஸ்தான். அதனால் அந்தக் கவலை நமக்கு வேண்டாம். நம் ஊரில் பெத்தாங்க் இருக்கிறது.

'சொல்தா வீட்டு ஆட்டம்' என்று நம்மில் பலர் அதை ஒதுக்கிவிடுகிறோம். அது பிறந்த கதை தெரிந்தால் ஒதுக்க மாட்டோம். தெற்கு பிரான்சில், மர்செய் பக்கத்தில், லா சியோத்தா என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஆடிவந்த பழைய குண்டு விளையாட்டில் தூரம் 15 முதல் 21 மீட்டர் வரை. எதிராளியின் குண்டை அடிக்க மூன்று எட்டு ஓடிவந்து எறிய வேண்டும். அதில் கெட்டிக்காரரான ழூல் லெனுவார் என்பவருக்கு மூட்டு வாதம் வந்து, ஓட முடியாமல் போயிற்று. 1910 வாக்கில் எர்னஸ்ட் பித்தியோ என்பவர் அவருக்காக விதியையே மாற்றினார். தரையில் ஒரு வட்டம் போடு, இரண்டு காலையும் ஊன்றி நின்று எறி, தூரத்தைக் குறை. அவ்வளவுதான். 'பியே தாங்கே' என்றால் ஊன்றிய பாதம். அதுதான் பெத்தாங்க் ஆயிற்று. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒருவர் மனு கொடுத்தார், சட்டத்தில் திருத்தம் வந்தது.

இரும்புக் குண்டின் எடை 650 முதல் 800 கிராம். சின்ன மரக்குண்டு 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும். 13 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். குனிய முடியாதவர்களுக்குக் கயிற்றில் கட்டிய காந்தம் கிடைக்கிறது. தொங்கவிட்டால் குண்டு ஒட்டிக்கொண்டு மேலே வரும்.

"இதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா?" என்று கேட்பார்கள். பெரிய பயிற்சி இல்லைதான். ஆனால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டை அசைத்தால்தான் உள்ளே இருக்கும் திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறோம், நிற்கிறோம், புள்ளி எண்ணுகிறோம், எந்தக் குண்டு கிட்டே என்று சண்டை போடுகிறோம். நாற்காலியில் இது எதுவும் நடக்காது. முட்டி வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது மாட்டிக்கொண்டாலோ முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடைத் தசை வலுவாக இருந்தால் முட்டியின் பாரம் குறையும். அதனால் உட்கார்ந்தபடியே காலை நீட்டித் தூக்கும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்யலாம். ஆட்டத்தின் நடுவே உட்கார ஒரு ஸ்டூல் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

எனக்கு இருக்கும் குறை வேறு. மாலையில் ஆட்டம் நடக்கிற இடங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான். முட்டி வலி நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் அதிகம். நாற்பது வருடம் அடுப்படியில் நின்ற கால்கள் அவை. அவர்களை டிவி முன்னால் விட்டுவிட்டு நாம் மட்டும் குண்டு எடுத்துக்கொண்டு கிளம்புவது எந்த ஊர் நியாயம்? தாய்லாந்தில் மன்னரின் தாயாரே இந்த ஆட்டத்தை ஆடி, நாடெங்கும் பரப்பினார்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி வாங்கித் தரும் முன், ஒரு செட் குண்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் எங்கே ஒரு மண் தரை காலியாக இருக்கிறது என்றும் பாருங்கள். கட்டடம் வருவதற்குள்.