ஏழு வயதிலேயே ஒரே விளையாட்டா?

சென்னை பெருங்குடியிலிருந்து ஓஎம்ஆர் சாலை வழியே போனால் டர்ஃப் மைதானங்களும் அகாடமிகளும் நிறைய. அங்கே காத்திருக்கும் பெற்றோரிடம் ஒரே பேச்சுதான்: "ஏழு வயசுக்குள்ள ஒரு விளையாட்டைப் பிடிச்சு அதுலயே விட்டுடணும், லேட்டானா அவ்வளவுதான்." இந்த நம்பிக்கை தவறு. பிள்ளைகளின் உடம்புக்குக் கேடும்கூட.

இதே சாலையில் களவாக்கத்தில், எஸ்எஸ்என் கல்லூரியில் பி.டெக் படித்தவர் கிரிக்கெட் வீரர் அஸ்வின். சிறுவயதில் அவர் தொடக்க ஆட்டக்காரர், மிதவேகப் பந்துவீச்சாளர். 14 வயதில் இடுப்பில் அடிபட்ட பிறகே ஆஃப் ஸ்பின் பக்கம் வந்தார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 537 டெஸ்ட் விக்கெட். இன்னொரு கிரிக்கெட் வீரர் வருண் சக்ரவர்த்தியின் பாதை இன்னும் கோணல். 17 வயதுவரை விக்கெட் கீப்பர்; பிறகு கிரிக்கெட்டை விட்டுக் கட்டடக்கலை படித்தார்; திரும்பி வந்து வேகப்பந்து வீசினார்; முழங்கால் காயத்துக்குப் பின் சுழலுக்கு மாறினார். 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தபோது அவருக்கு வயது 33.

இவர்களை விதிவிலக்குகள் என்பார்கள். ஆனால் ஜெர்மனியின் ஆர்னே கியூலிஷ் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு 6,000க்கும் மேற்பட்ட வீரர்களின் தரவுகளை ஒப்பிட்டது. உலகத் தரத்தை எட்டியவர்கள், தேசிய அளவில் நின்றவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகள் ஆடியவர்கள். தம் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள். தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறியவர்கள். ஜூனியர் பிரிவில் முந்தியவர்களிடம் இதற்கு நேர்மாறான போக்கு தெரிந்தது. பன்னிரண்டு வயதுக் கோப்பையை எதிர்காலத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வயதில் பல நேரம் ஜெயிப்பது, கூட்டத்தில் முதலில் வளர்ந்துவிட்ட பையன்தான்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் சாம்பியன் ஆகலாம் என்ற கணக்கு? அது 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி உளவியலாளர் எரிக்சன் செய்த ஆய்விலிருந்து வந்தது. 20 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் சேர்த்த பயிற்சியின் சராசரி அது. விதி அல்ல என்று எரிக்சனே பின்னர் எழுதினார்.

சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்குச் சதுரங்க வீரர் குகேஷைக் காட்டுவது நியாயமான வாதம். ஏழு வயதில் கற்றார், 18 வயதில் உலகச் சாம்பியன். ஆனால் சதுரங்கத்தில் எலும்பு வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் உயரம், தோள் வலு, வேகம் எல்லாம் வளரிளம் பருவம் கடந்தே தெளிவாகும். ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சிலவற்றில் சீக்கிரம் தொடங்கத்தான் வேண்டும்; அதைப் பார்த்து எல்லாவற்றுக்கும் சட்டம் போடக் கூடாது.

என்னைக் கோபப்படுத்துவது காயம்தான். வளரும் முதுகெலும்பில் வேகப்பந்து வீச்சின் பளு திரும்பத் திரும்ப விழுந்தால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விடும். அதனால்தான் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுவாரியாக ஓவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் சொன்னது: பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் அந்த விளையாட்டுக்கு ஓய்வு கொடுங்கள். காலை வலை, மாலை டர்ஃப், ஞாயிறு மேட்ச் என்று ஓட்டினால் அந்த ஓய்வு எங்கே?

அடுத்த தவணைக் கட்டணம் கட்டும் முன் கோச்சிடம் கேளுங்கள்: "சார், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு? பிள்ளை ஒரு நாளில் எத்தனை ஓவர் போடுகிறான் என்று யார் எண்ணுகிறார்கள்?" சரியான பதில் கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.