கானோரத்து வல்லாரை



கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறதாம். மாமியார் ஞாபகசக்திக்கென்று கானோரத்தில் வல்லாரை பிடுங்கிவந்து சம்பல் போடுகிறார். டவுனில் வல்லாரை மாத்திரையும் விற்கிறார்கள். "எதைக் கொடுக்கட்டும்?" என்கிறார்.

என் கட்சி சம்பல்தான். எங்கள் அப்பாயி இலையை நூல் நூலாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைவார். தேசிக்காயை மட்டும் தட்டு வைத்த பிறகுதான் பிழிவார். முந்திப் பிழிந்தால் பச்சை மங்கிவிடுமாம். நினைத்தாலே பசிக்கிறது.

வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருள் புண் ஆற உதவுவது. 'மடெகாசோல்' என்ற களிம்பு இந்த இலைச்சாற்றில் செய்ததே. கொரியாக்காரர்களின் முகக் கிரீம்களில் வரும் 'சிகா'வும் நம்ம வல்லாரைதான். ஞாபகசக்திக்குத்தான் சான்று போதாது: 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் உறுதியாக ஒன்றும் தேறவில்லை. மாத்திரை சங்கதி வேறு. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரையை 20 முதல் 60 நாள் வரை விழுங்கிய 3 பெண்களுக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை கண்டதாக 2005இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நிறுத்தியதும் தேறிவிட்டார்கள். ஈரல் வருத்தக்காரர், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

ஆனால் தங்கச்சி, எனக்குப் பயம் அந்தக் கானைப் பற்றித்தான். நம்ம தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கிற நஞ்சுக்கும் 'மருந்து' என்றுதானே பெயர்! 2015இல் தடைசெய்த கிளைபொசேட் என்ற களைகொல்லியை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். அது பட்ட இலை உடனே கருகாது. சில நாளைக்குப் பச்சைப்பசேலென்றே நிற்கும். உள்ளே இறங்கியதை உப்புத் தண்ணீரில் எத்தனை தரம் அலசினாலும் எடுக்க முடியாது. லயத்துக் கழிவுநீரும் அதே கானில்தான் ஓடுகிறது. வல்லாரையோ, தான் நிற்கிற தண்ணீரில் உள்ள உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் செடி.

மருந்தடிக்காத, கழிவு ஓடாத இடத்தில் ஒரு கொடியைக் கணுவோடு கிள்ளி, பழைய வாளியில் ஈரமண் போட்டு ஊன்றுங்கள். வாசலில் அரை நிழல் போதும். எப்போது கிள்ளுவது, எப்படிப் பதியம் வைப்பது என்பதை மாமியாரிடமே கேளுங்கள். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்