களப்பிரர் எங்கிருந்து வந்தனர்?

"நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" இந்த வினா எனக்குப் புதிதன்று. காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். கடைத்தெருவில் பேசுவது தமிழ். இங்கே எங்களைக் கன்னடக்காரர் என்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன என் சித்தப்பாவை அங்கே தமிழர் என்கிறார்கள். ஆகவேதான் வரலாற்று நூலில் களப்பிரர் என்ற பெயரைக் கண்டதும், சொந்தக்காரரைக் கண்டவன்போல் நின்றுவிட்டேன்.

சங்க காலத்திற்குப் பின், ஆறாம் நூற்றாண்டின் இறுதிவரை தமிழகத்தின் பெரும்பகுதி களப்பிரர் கையில் இருந்தது என்பர். அவர்கள் யார்? வேங்கடமலைக் கள்வர் குலத்தவர் என்றார் கிருஷ்ணசாமி அய்யங்கார். முத்தரையரே என்றார் கோபிநாத ராவ். கருநாடர் என்றார் வெங்கையா. களப்பாளர் என்ற வேளாளர் குடியோடு சேர்ப்பாரும் உளர். நந்திமலைப் பக்கத்தைச் சுட்டுவாரும் உளர். அந்த நந்திமலைப் பகுதியில்தான் எங்கள் தென்பெண்ணை பிறக்கிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை கடந்து எங்கள் ஊருக்கு வருகிறது. (இந்நாளில் அணையில் நுரையும் பொங்குகிறது, அது வேறு கதை.) ஆறு வந்த வழியே ஆட்களும் வந்திருப்பார்கள் என்று எனக்கும் ஆசைதான். ஆசை சான்றாகுமா?

நிற்க. இவர்களுக்குக் கெட்ட பெயர் வந்தது எப்படி? முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த வேள்விக்குடி என்னும் ஊரைக் களப்பிரர் பறித்தனர் என்றும், கடுங்கோன் அவர்களை வென்றான் என்றும் வேள்விக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதை வெளியிட்டவன் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன். அதாவது தோற்றவரைப் பற்றி வென்றவரின் பேரன்மார் எழுதிய சாட்சியம்! மதுரையைக் கைப்பற்றிய கருநாடக மன்னனைப் பெரியபுராணம் பேசுவதோ பன்னிரண்டாம் நூற்றாண்டில். சோழநாட்டுப் புத்த துறவி புத்ததத்தர் மட்டும், களப்பிரர் குலத்து அச்சுதன் ஆட்சியில் தம் பாலி நூலை எழுதியதாகக் குறிக்கிறார்.

இக்கதி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஜார்ஜியரின் மூதாதையரோடு இணைத்துப் பேசப்படும் முஷ்கி என்னும் பழங்குடியை, 3,000 ஆண்டுகளுக்கு முன் அசீரிய மன்னன் திக்லத் பிலேசர், தான் முறியடித்த 20,000 பேராகவே தன் வெற்றிப் பட்டியலில் எழுதி வைத்தான். அவர்களும் எங்கிருந்து வந்தனர் என்று இன்றும் வழக்காடுகிறார்கள்.

1979இல் சிவகங்கைப் பக்கம் பூலாங்குறிச்சிப் பாறையில் சேந்தன் கூற்றன் என்ற மன்னனின் கல்வெட்டு கிடைத்தது. அவனைக் களப்பிரன் என்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. களப்பிரன் என்றே கொண்டால், அக்கல்வெட்டு கோயில் எடுத்ததைச் சொல்கிறது, பிரமதாயத்தையும் பேசுகிறது. ஊர் பறித்தவர் கதை அப்போது என்னவாகும்?

இத்தனைக்குப் பிறகும் அக்காலத்தை 'இருண்ட காலம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அறிவியல் மாணவன். ஆய்வுக்கூடத்தில் அளவீடு கிடைக்காத கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினால் ஆசிரியர் நோட்டைத் திருப்பி வீசுவார். வெறுமையாக விடு என்பார். சான்று கிடைக்காத நூற்றாண்டுகளுக்கு மட்டும் இருட்டு என்று பூஜ்யம் போடுவது என்ன நியாயம்?

கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். தாத்தா, பாட்டி வரை ஒவ்வொருவர் படிப்பையும் கேட்டிருந்தது. எல்லாக் கட்டத்திலும் 'படிக்கவில்லை' என்று எழுதினேன். அன்றிரவு அஜ்ஜியிடம், தாத்தாவின் அப்பா பெயர் என்ன, நாம் எங்கிருந்து வந்தோம் என்று கேட்டேன். பெயர் அவளுக்கு நினைவில்லை. "மாடு ஓட்டிக்கொண்டு ஆற்றோரமாக வந்தார்களாம்" என்றாள். மேற்கேயிருந்தா, கிழக்கேயிருந்தா என்றேன். "மாட்டுக்குத் தண்ணீர் இருந்த பக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.